பழைய ஆலையின் மொட்டைமாடியில் மரப் பணியிடம்: முதன்முறை கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரமாகப் போனால், ஓட்டம் நின்ற அரிசி ஆலைகளையும் எண்ணெய் ஆலைகளையும் பார்க்கலாம். சுவர் நன்றாக இருக்கும், முன்னால் நெல் காயவைத்த களம் பரந்து கிடக்கும், உள்ளே ஒன்றும் நடக்காது. கோயம்புத்தூரிலும் கஞ்சிக்கோட்டிலும் வேலை பார்த்துவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்க ஊர் திரும்புகிறவர்கள், கீழே பட்டறை, மேலே அலுவலகம் என்று திட்டமிடுகிறார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதைவிட இது நல்ல யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாடியில் மரத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் எடை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 3 மீட்டர் உயரத்தில் நின்றால், நீளவாக்கில் மீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,400 கிலோ. அதே உயரத்தில் மரச்சட்டம் அடித்து இரு பக்கமும் பலகை வைத்த சுவர் 120 முதல் 150 கிலோவுக்குள் அடங்கிவிடும். புதிய கனத்தை எதிர்பார்த்துக் கட்டப்படாத பழைய கட்டடத்துக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். அதே சமயம், பாலக்காட்டுக் கணவாயின் காற்று இலேசான எதையும் சும்மா விடாது. கீழே கனம், மேலே காற்று: இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

கூரை எந்த வகை?

படம் வரையும் முன் மாடிக்கு ஏறிப் பாருங்கள். இந்தப் பக்கத்து ஆலைகளில் பொதுவாக மூன்று வகைக் கூரைகள் உண்டு.

கம்பி கட்டிய கான்கிரீட் தளம், அதைத் தாங்கப் பீமும் பில்லரும் இருந்தால் வேலைக்கு வழி இருக்கிறது. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸாக இருந்தால், அதன் மேல் நேரடியாக எதையும் நிறுத்தக்கூடாது. தரையிலிருந்தே தனித் தூண்கள் எழுப்ப வேண்டும். மூன்றாவது, இரும்பு அல்லது மர டிரஸ்ஸின் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகத்தின்) மேல் ஓடோ ஆஸ்பெஸ்டாஸ் தகடோ போட்ட கொட்டகை. அந்த டிரஸ் தன் கூரையை மட்டுமே சுமக்கச் செய்யப்பட்டது. அதன் மேல் அறை கட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, கொட்டகைக்குள்ளேயே தனிக் கால்களில் ஒரு மர இடைத்தளம் போடுவது பற்றி யோசிக்கலாம். அது இதைவிட எளிது, செலவும் குறைவு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைக் கழற்ற நேர்ந்தால், தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்குங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. வேலையாட்களுக்குத் தரமான முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

இனிச் சொல்வதெல்லாம் முதல் வகைக்கு, அதாவது கான்கிரீட் தளம் உள்ள ஆலைக்கு.

மண்ணையும் விரிசலையும் படியுங்கள்

கேரளத்தில் கரிசல் மண் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் மட்டுமே இருக்கிறது. மழையில் ஊதி, வெயிலில் சுருங்கும் மண் அது. அதன் மேல் ஆழமில்லாமல் போட்ட கருங்கல் அஸ்திவாரம் ஆண்டுதோறும் சற்றே ஏறி இறங்கும். சுவர் மூலைகளிலும் ஜன்னல் முனைகளிலும் படிக்கட்டு வடிவில் சாய்வாக ஓடும் விரிசல்கள் இதற்குச் சாட்சி.

விரிசல் பழையதா, இன்னும் நகர்கிறதா என்று அறிய ஒரு மலிவான வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்காக ஒரு விரலளவு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள். பூச்சைச் சுரண்டிவிட்டு, சுவரின் கல்லிலேயே ஒட்ட வேண்டும். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். கோடையில் ஒட்டியது மழைக்காலம் முடியும்வரை முழுதாக இருந்தால் விரிசல் அடங்கிவிட்டது. கண்ணாடி கீறிவிட்டால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது. அதைச் சரிசெய்யாமல் மாடியில் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். இதற்கு ஒரு பருவம் முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்பது பலருக்குப் பொறுமையைச் சோதிக்கும். காத்திருங்கள். அந்த நேரத்தில் மரம் வாங்கி உலர்த்தலாம், அனுமதி வேலைகளையும் பார்க்கலாம்.

அஸ்திவாரத்தின் ஆழத்தை ஊகிக்க வேண்டாம். இரண்டு மூன்று பில்லர்களின் அருகே குழி தோண்டி, அடிப்பகுதி எவ்வளவு அகலம், எந்த மண்ணில் நிற்கிறது என்று இன்ஜினியர் நேரில் பார்க்கட்டும்.

கான்கிரீட்டைச் சோதியுங்கள்

சுத்தியல் போன்ற ரீபவுண்ட் கருவியை வைத்துத் தட்டி ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறவரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த எண் மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும். பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காலப்போக்கில் இறுகிவிடுவதால், உள்ளே இருப்பதைவிட நல்ல எண் வரும். பில்லரிலும் பீமிலும் உருளை வடிவத் துண்டு வெட்டியெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டுகளின் சராசரி வலிமை எதிர்பார்த்த தரத்தில் 85 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எந்த ஒரு துண்டும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 456-இன் விதி.

கம்பியின் நிலையை அறிய இன்னொரு சோதனை உண்டு. பில்லரின் ஒரு மூலையில் சிறிது உடைத்து, தூசியை ஊதிவிட்டு, புதிதாக உடைந்த அந்த முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். நல்ல கான்கிரீட் பீட்ரூட் சாறு பட்டதுபோல் உடனே சிவந்துவிடும். நிறம் மாறாமல் வெளிறியே இருக்கும் பகுதி, காற்றின் கரியமில வாயு புகுந்து காரத்தன்மையை இழந்த பகுதி. வெளிப்புறத்திலிருந்து அந்த வெளிறிய பட்டை எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். அது கம்பியைத் தொட்டுவிட்டால், இனிக் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. ஈரம் பட்டால் துரு ஏறும். துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். நெல் அவித்த ஆலைகளில் பல ஆண்டுகள் நீராவி பட்ட இடங்களை முதலில் பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் பாரச் சோதனை இருக்கிறது. கணக்கிட்ட பயன்பாட்டுப் பாரத்தைப்போல் 1.25 மடங்கை மணல் மூட்டையாகவோ தண்ணீராகவோ 24 மணி நேரம் ஏற்றி வைத்து, இறக்கிய பின் அடுத்த 24 மணி நேரத்துக்குள் வளைவில் குறைந்தது 75 சதவீதம் மீள்கிறதா என்று பார்ப்பார்கள். கீழே முட்டு கொடுத்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

கனக் கணக்கு

‘இந்தத் தளம் நூற்றுக்கணக்கான நெல் மூட்டையைச் சுமந்தது, உங்கள் மேசை நாற்காலியைச் சுமக்காதா?’ என்று கேட்பார்கள். மூட்டையைச் சுமந்தது கீழ்த்தளம். மேற்கூரை சுமந்தது மழையையும் எப்போதாவது ஏறிய ஆளையும் மட்டும். ஆள் நடமாடும் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோவும், நடமாட்டம் இல்லாத கூரைக்கு 75 கிலோவும் விதிப்படி கொள்ளும் பாரம். அலுவலகத்துக்கோ 250 கிலோ. கோப்புகளையும் சரக்கையும் அங்கேயே அடுக்கினால் 400 கிலோ.

ஓர் எடுத்துக்காட்டு. அலுவலகப் பயன்பாடு 250, மரத்தரை 50, சுவர் 40, கூரை 30 என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 370 கிலோ. பழைய கூரைக்கு 150 கிலோ அனுமதி இருந்ததாகக் கொள்வோம். மீதி 220 எங்கிருந்து வரும்? ஒரு பகுதி உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. பழைய மொட்டைமாடியின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் போட்டு, அதன் மேல் தட்டையான ஓடு பதித்திருப்பார்கள். அது சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைக் கொத்தி எடுத்துவிட்டு, இலேசான நீர்க்காப்புப் படலம் போட்டால் அத்தனை கனமும் கழிந்துவிடும். மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது ஒரு டன். அதைத் தனிக் கோபுரத்துக்கு மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுவதைப் பில்லர்களும் அஸ்திவாரமும் தாங்குமா என்பதுதான் உங்கள் இன்ஜினியரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. தாங்காது என்றால் பில்லருக்குக் கான்கிரீட் உறை போட்டுப் பருமனாக்கலாம், அல்லது அறையைச் சிறிதாக்கலாம். நான் சிறிதாக்கச் சொல்வேன். பாதி மாடியில் அறை, பாதி திறந்தவெளி என்றால் மாலைக் காற்றுக்கு உட்காரவும் இடம் கிடைக்கும்.

இன்னொரு முக்கியமான முடிவு: புதிய தரை பழைய தளத்தின் மேல் படுத்திருக்கக்கூடாது. பில்லருக்குப் பில்லர் இரும்பு பீம் போட்டு, அதன் மேல் மரத்தரையை ஓர் அடி உயரத்தில் நிறுத்துங்கள். அப்போது பழைய தளம் எந்தப் பாரத்தையும் ஏற்காது. இடையில் காற்றும் போகும், கசிவு வந்தால் கையை நீட்டிப் பார்க்கவும் முடியும். எலி புகாமல் சுற்றிலும் வலை அடித்துவிடுங்கள்.

அனுமதி

கிராமப் பஞ்சாயத்து என்றால் 2019-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள். சித்தூர்–தத்தமங்கலம் போன்ற நகராட்சி என்றால் அதே ஆண்டின் நகராட்சிக் கட்டட விதிகள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் உங்கள் ஆலை இருந்தால் அங்கும் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த விதிகள். ஆலை என்று பதிவான கட்டடத்தில் அலுவலகம் வைப்பது பயன்பாட்டு மாற்றம். மாடி கூட்டுவதற்கான அனுமதியோடு இதற்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் வில்லேஜ் ஆபீஸில் நிலத்தின் வகையைப் பாருங்கள். பதிவேட்டில் ‘புரயிடம்’ (வீட்டு மனை போன்ற கரை நிலம்) என்று இருந்தால் சிக்கல் இல்லை. ‘நிலம்’ என்று இருந்தால் அது வயல் கணக்கு. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். ஆலை பல காலம் அங்கே இருந்தது என்பதால் மட்டும் பதிவு தானாக மாறியிருக்காது.

மலையாளத்தில் எழுதத் தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மையினர் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள உரிமை தருகிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

மரம் வாங்குவது

தேக்கு முதல் தேர்வு. நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்ட நாடு இது. அருவாக்கோடு, நெடுங்கயம் வனத்துறை டிப்போக்களில் இன்றும் ஏலம் நடக்கிறது. தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் அயினியும் பலாவும் நல்ல மரங்கள். வைரப் பகுதியை மட்டும் வாங்குங்கள், வெளிறிய வெளிப்பகுதியைப் பூச்சி விடாது. ரப்பர் மரம் மருந்து ஏற்றியிருந்தால் உள்ளே அலமாரிக்கும் மேசைக்கும் சரி, தூணுக்கும் உத்திரத்துக்கும் கூடாது. பெட்டி பிரித்த பைன் மரத்தைக் கட்டுமானத்துக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

என் விருப்பம் பழைய மரம். இடிக்கப்படும் தறவாடுகளிலிருந்தும் (கேரளப் பரம்பரை வீடுகள்) பழைய ஆலைகளிலிருந்தும் வரும் உத்திரங்கள் பல பத்தாண்டுகள் உலர்ந்தவை. இனிச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும் பயம் குறைவு. ஆனால் அறுக்கும் முன் காந்தம் வைத்து ஒவ்வோர் அங்குலமும் தடவிப் பார்த்து ஆணிகளைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் அறுவை மில்லில் வாள் போய்விடும். சுவருக்குள் இருந்த முனைகளை ஓர் அடி வெட்டித் தள்ளுங்கள். உளுத்தல் தொடங்குவது அங்கேதான்.

புதிய மரமானால் ஈரமானி வைத்து அளந்து வாங்குங்கள். இங்குள்ள வெயிலுக்கு 12 சதவீதம் அளவில் ஈரம் இருந்தால் நல்லது. பச்சை மரத்தில் செய்த மூட்டு முதல் மார்ச் மாதத்திலேயே வாய் பிளக்கும். மாநில எல்லை தாண்டிக் கொண்டுவருவதானால் வனத்துறை பாஸ் கையில் இருக்க வேண்டும். வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

தூணின் அடி

மர வேலையில் உயிர்நாடியான இடம் இது. மரம் தண்ணீரைக் குடிப்பது அதன் வெட்டுமுகம் வழியாக. தூணின் வெட்டுமுகம் கான்கிரீட்டிலோ தரையிலோ உட்கார்ந்தால், மேலே எத்தனை பூச்சு பூசினாலும் அடி அழுகும். எனவே:

பழைய பில்லரின் தலைக்கு நேர் மேலே, ஆறு அங்குல உயரத்தில் ஒரு சிறு கான்கிரீட் பீடம் எழுப்புங்கள். அதற்கான கம்பியைப் பில்லரில் துளையிட்டு, ரசாயனப் பசை விட்டு நடுங்கள். மாடியின் நீர்க்காப்புப் படலம் இந்தப் பீடத்தின் பக்கங்களில் மேலேறி முடிய வேண்டும். போல்ட் எதுவும் படலத்தைத் துளைத்துக்கொண்டு தளத்தில் இறங்கக்கூடாது. பீடத்தின் மேல் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு லாடம், அதாவது தூணின் அடியைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பிடி. தரைக்கான இரும்பு பீமும் இதே பீடத்தில்தான் உட்காரும். லாடத்தின் தட்டுக்கும் பீடத்துக்கும் இடையே மூன்று அங்குல வெளி. தூணின் வெட்டுமுகத்தில் மூன்று முறை எண்ணெயோ எப்பாக்சியோ ஊறவிட்டு, பிறகு லாடத்தில் இறக்கிப் பக்கவாட்டில் போல்ட் போடுங்கள். தட்டின் நடுவில் ஒரு துளை இருக்கட்டும், உள்ளே போன நீர் வடிந்துவிடும்.

வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தூணின் மேல் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் எங்கும் தேங்காமல் வடிந்தால் ஆசாரிக்குக் கூலியைக் கொடுக்கலாம்.

காற்றுக்குக் கட்டுங்கள்

இந்தப் பகுதிக்குக் கணக்கில் கொள்ளும் அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 39 மீட்டர். இது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ அழுத்தம். உயரத்துக்கும் திறந்தவெளிக்கும் ஏற்ப இன்ஜினியர் அதைத் திருத்துவார். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் மேல்நோக்கிய இழுப்பு இன்னும் அதிகம். நம் மரக்கூரையின் எடையோ 30 கிலோ. அதாவது பெருங்காற்றில் கூரை எழும்பத்தான் பார்க்கும். மங்களூர் ஓடு போட்டால் சட்டங்களோடு சேர்த்து 65 கிலோ வரும். காற்றுக்கு நல்லது, கனக்கணக்குக்கு ஆகாது. தகடு போட்டு இறுகக் கட்டுவதே இங்கே பொருத்தம்.

கட்டுவது என்றால் மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சியாக: தகட்டைக் கைமரத்தோடு வாஷர் வைத்த ஸ்க்ரூவால், கைமரத்தை உத்திரத்தோடு இரும்புப் பட்டையால், உத்திரத்தைத் தூணோடு, தூணை லாடத்தோடு, லாடத்தைப் பீடத்தோடு, பீடத்தைப் பில்லரோடு. வெறும் ஆணி மட்டும் அடித்த மூட்டு ஒன்றுகூட இந்த வரிசையில் இருக்கக்கூடாது. ஆணி இழுப்பில் உருவிவிடும். ஒவ்வொரு பக்கச் சுவரிலும் குறைந்தது ஒரு கட்டத்தில் குறுக்குச் சட்டம் கொடுங்கள். இல்லாவிட்டால் சட்டகம் பக்கவாட்டில் சாயும். 1900-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த நிலநடுக்கத்தின் அளவு 6 என மதிப்பிடப்படுகிறது. நிலநடுக்கத்துக்கும் இந்தக் குறுக்குச் சட்டம் அவசியம்.

களத்தில் கோத்துப் பார்த்து மேலே ஏற்றுங்கள்

ஆலைக்கு முன்னால் இருக்கும் நெற்களம் இந்த வேலைக்கு ஒரு வரம். சட்டகம் முழுவதையும் களத்தில் கிடத்தி, கழுந்தும் துளையும் பொருந்துகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் இரு துண்டுக்கும் ஒரே எண்ணை உளியால் கொத்திவிட்டுப் பிரித்தெடுங்கள். 4 மீட்டர் நீளம், 20 செ.மீ. உயரம், 7.5 செ.மீ. கனமுள்ள தேக்கு உத்திரம் 40 கிலோதான். இரண்டு பேர் தூக்கிவிடலாம். கிரேன் தேவைப்படுவது இரும்பு பீமுக்கு மட்டும்.

டிசம்பரில் தொடங்கினால் மே மாதத்துக்குள் கூரை போட்டுவிடலாம். ஜனவரி, பிப்ரவரியில் கணவாயில் கிழக்குக் காற்று வலுவாக அடிக்கும். தகடு ஏற்றுவதைக் காலையில் காற்று எழும் முன் முடியுங்கள்.

வெயில், மழை, தீ

கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் தகட்டின் கீழ் வெப்பத்தடுப்பு இல்லாமல் யாரும் உட்கார முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத இரண்டு அங்குலப் பஞ்சுப் பலகை, அதன் கீழ் மரப்பலகை, முகட்டில் வெப்பம் வெளியேறும் வாய். கிழக்கு மேற்காகத் திறப்புகள் வைத்தால் காற்று தானே வரும். மேற்குப் பக்கம் மூன்றடி இறவாரம் விட்டால் சாரல் உள்ளே வராது.

தீயைப் பற்றிய பயம் நியாயமானது. கனமான தேக்குச் சட்டம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில் கருகும். அரைமணி நேரத்தில் ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் கருகியிருக்கும். அந்த அளவைச் சேர்த்துத் தடிமனாக வாங்கினால் ஆட்கள் இறங்க நேரம் கிடைக்கும். மெல்லிய பலகையும் ஒட்டுப்பலகையும் சீக்கிரம் பற்றும். ஒயர்கள் இரும்புக் குழாய்க்குள் ஓடட்டும். கீழே தவிட்டுத் தூசியோ வெல்டிங்கோ இருந்தால் மேலே மர அறை வேண்டாம் என்றே சொல்வேன். ஆலையின் பழைய இரும்பு ஏணி வழியாகாது. கைப்பிடி வைத்த, 1.2 மீட்டர் அகலமுள்ள வெளிப்படிக்கட்டு வேண்டும். அது தனி அஸ்திவாரத்தில் நிற்பதால், கரிசல் மண்ணில் ஆலையிலிருந்து மாறுபட்டு அசையும். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதை மூடும் தகட்டை ஒரு பக்கம் மட்டும் பொருத்துங்கள்.

முதல் ஆண்டு

முதல் கோடை முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் இறுக்க வேண்டும். மரம் சுருங்கியிருக்கும், வாஷருக்கு அடியில் தளர்வு இருக்கும். அதன் பிறகு ஆண்டுதோறும் இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் ஒரு முறை போதும்: தூணின் அடியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், மாடி வடிகால் வாயில் இலை அடைத்திருந்தால் எடுங்கள், கீழ்த்தளத்துச் சுவரில் கரையான் மண்கோடு மேலேறுகிறதா என்று பாருங்கள். வெளியே தெரியும் மரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய். கண்ணாடித் துண்டுகளைக் கழற்ற வேண்டாம். புதிய பாரம் ஏறிய பிறகும் அவை அதே சுவரில் இருக்கட்டும்.